கனமான அணுக்கரு தானாகவே பிளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுக்கருப் பிளவு என்றதும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த அந்தப் படம்தான் பலருக்கும் ஞாபகம் வரும்: ஒரு நியூட்ரான் வந்து யுரேனியம்-235-ஐ மோதும், அது இரண்டாக உடையும், மூன்று நியூட்ரான் வெளியே பறக்கும். எதுவும் வந்து மோதாமலே ஓர் அணுக்கரு உடைய முடியும் என்பது பாடத்தில் ஒரு வரியோடு போய்விடுகிறது. கனமான தனிமங்கள் எவ்வளவு காலம் தாங்கும், தனிம அட்டவணை எதுவரை நீளும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த ஒரு வரி விஷயம்தான். அதனால் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை ஓர் இடத்தில் சேர்த்துக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

தன்னிச்சைப் பிளவு என்றால் சரியாக என்ன? அணு உலையில் நடப்பதும் இதுதானா?

அணு உலையில் நடப்பது தூண்டப்பட்ட பிளவு. வெளியிலிருந்து வரும் நியூட்ரான் அணுக்கருவுக்குள் புகுந்து ஆற்றலைக் கொடுக்கிறது, அந்த ஆற்றலில் அது உடைகிறது. தன்னிச்சைப் பிளவுக்கு வெளியிலிருந்து எதுவுமே தேவையில்லை. ஆல்ஃபா சிதைவு, பீட்டா சிதைவு மாதிரி இதுவும் ஒரு வகைக் கதிரியக்கச் சிதைவு. எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது, கோடிக்கணக்கான அணுக்கள் இருந்தால் சராசரியாக இத்தனை உடையும் என்று மட்டும் சொல்லலாம்.

தானாக ஏன் உடைய வேண்டும்?

அணுக்கருவுக்குள் இரண்டு விஷயங்கள் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருக்கின்றன. அணுக்கரு விசை மிக வலுவானது, ஆனால் பக்கத்தில் இருக்கும் துகளை மட்டும்தான் பிடிக்கும். புரோட்டான்களுக்கு இடையிலான மின்விலக்கு விசை அதைவிட வலுக் குறைந்தது, ஆனால் அதற்கு எட்டாத தூரமே இல்லை, அணுக்கருவின் ஒரு ஓரத்தில் இருக்கும் புரோட்டான் மறு ஓரத்தில் இருப்பதையும் தள்ளும். யுரேனியத்தில் 92 புரோட்டான். ஒவ்வொன்றும் மற்ற 91-ஐயும் தள்ளுகிறது என்றால் கணக்கு எவ்வளவு வேகமாக ஏறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1939-இல் நீல்ஸ் போரும் ஜான் வீலரும் இதை ஒரு திரவத் துளியாகக் கற்பனை செய்து கணக்குப் போட்டார்கள். துளி உருண்டையாக இருக்கக் காரணம் பரப்பு இழுவிசை. மின்விலக்கு அதை நீட்டி இழுக்கப் பார்க்கிறது. எது ஜெயிக்கும் என்பதைச் சொல்ல ஒரு எளிய எண் போதும்: புரோட்டான் எண்ணிக்கையின் வர்க்கத்தை நிறை எண்ணால் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை) வகுத்துக்கொள்ளுங்கள். யுரேனியம்-238-க்கு 35.6, கலிஃபோர்னியம்-252-க்கு 38.1, 118-ஆம் தனிமமான ஓகனெசான்-294-க்கு 47 சொச்சம். இந்த எண் 50-ஐ நெருங்கினால் துளியாக நிற்கவே முடியாது, உருவான கணமே உடைந்துவிடும்.

யுரேனியத்துக்கு 35.6 தானே, அப்புறம் அது ஏன் உடைகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி.

உடைந்தால் ஆற்றல் மிச்சம். யுரேனியத்தில் ஒரு துகளுக்கான பிணைப்பாற்றல், அதாவது ஒரு துகளைப் பிய்த்தெடுக்கச் சராசரியாகத் தேவைப்படும் ஆற்றல், சுமார் 7.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு), நடுத்தர எடையுள்ள அணுக்கருக்களில் அது சுமார் 8.5. இந்த 0.9 வித்தியாசத்தை 238 துகள்களால் பெருக்கினால் 200-க்கு மேல் வருகிறது. ஒரு பிளவுக்கு 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று எங்கும் சொல்கிறார்களே, அது இதுதான்.

ஆனால் உருண்டையாக இருப்பது இரண்டு துண்டாக ஆவதற்கு நடுவில் நீண்டு, இடுப்பு ஒடுங்கி, ஒரு இக்கட்டான வடிவத்தைக் கடக்க வேண்டும். நீளும்போது பரப்பு கூடுகிறது, அதற்கு ஆற்றல் செலவாகும். யுரேனியத்துக்கு அந்தத் தடை சுமார் 6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். 200 கிடைக்கும் என்று தெரிந்தாலும் முன்பணமாக 6 போட வேண்டும், அமைதியாக இருக்கும் அணுக்கருவிடம் அந்த 6 கிடையாது. பழைய இயற்பியல்படி அது என்றைக்குமே உடையக் கூடாது.

குவாண்டம் இயற்பியலில் அந்த 'என்றைக்குமே' இல்லை. தடையின் மேலே ஏற ஆற்றல் இல்லாவிட்டாலும் அதை ஊடுருவி மறுபக்கம் போக ஒரு மிகச் சிறிய நிகழ்தகவு உண்டு. ஆல்ஃபா துகள் வெளியே வருவதும் இதே ஊடுருவலால்தான். அங்கே நான்கு துகள் கொண்ட ஒரு சின்னப் பொட்டலம் ஊடுருவுகிறது. இங்கே 238 துகள்களும் ஒன்றாகச் சேர்ந்து வடிவம் மாறி ஊடுருவ வேண்டும். ஊடுருவும் பொருளின் கனம் கூடக் கூட ஊடுருவல் படு கஷ்டம், அதனால்தான் யுரேனியத்தில் ஆல்ஃபா சிதைவு முந்திக்கொள்கிறது.

ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் நிறை எண் 100-க்கு மேலே உள்ள பல அணுக்கருக்கள் பிளப்பதே லாபம். ஈயமும் தங்கமும் நம் கையில் பத்திரமாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் தடை அவ்வளவு உயரமாக இருப்பது.

எவ்வளவு அரிது என்று எண்ணாகச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். யுரேனியம்-238-இன் வழக்கமான அரை ஆயுட்காலம் (இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) 447 கோடி ஆண்டுகள். இது ஆல்ஃபா சிதைவின் கணக்கு. தன்னிச்சைப் பிளவை மட்டும் தனியாக எடுத்தால் அரை ஆயுட்காலம் சுமார் 8,200 லட்சம் கோடி ஆண்டுகள் (8.2 × 10¹⁵), பிரபஞ்சத்தின் வயதைப் போல ஆறு லட்சம் மடங்கு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: ஒரே அணுவுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேகம்.

கையில் ஒரு கிராம் யுரேனியம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் வினாடிக்குச் சுமார் 12,400 ஆல்ஃபா சிதைவுகள் நடக்கும். தானாகப் பிளப்பது மணிக்கு 24 அல்லது 25 மட்டும்.

மணிக்கு 25 தான் என்றால், 1940-லேயே இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் பேரியம் இருப்பதைக் கண்டார்கள், லிசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் அதற்குப் பொருள் சொன்னார்கள். யுரேனியம் தானாகவும் உடையலாம் என்று போரும் வீலரும் அடுத்த ஆண்டே எழுதினார்கள். அவர்கள் மதிப்பிட்ட அரை ஆயுட்காலம் 10²² ஆண்டுகள், அதாவது தேடவே வேண்டாம் என்கிற அளவுக்கு அரிது. அமெரிக்காவில் வில்லார்ட் லிப்பி தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

லெனின்கிராடில் இகோர் குர்ச்சாத்தோவின் குழுவில் இருந்த கியோர்கி ஃப்ளெரோவ், கான்ஸ்தாந்தின் பெத்ர்ஷாக் என்ற இரண்டு இளைஞர்கள் பல தட்டுகளில் யுரேனியத்தைப் பூசி, அவற்றை ஒன்றுக்கொன்று நெருக்கமாக அடுக்கி ஓர் அயனியாக்கக் கலம் (துகள் பாயும்போது மின்துடிப்பு தரும் கருவி) செய்தார்கள். தட்டு கூடினால் யுரேனியம் கூடும், எண்ணிக்கையும் கூடும். ஆல்ஃபா துகள் தருவது சின்னத் துடிப்பு, பிளவுத் துண்டு தருவது பெரிய துடிப்பு. நியூட்ரான் ஊற்று எதையும் பக்கத்தில் வைக்காமலே அவ்வப்போது பெரிய துடிப்பு வந்தது.

அங்கேதான் அவர்களுடைய உண்மையான உழைப்பு தொடங்குகிறது. பல ஆல்ஃபாக்கள் ஒரே நேரத்தில் விழுந்து பெரிய துடிப்பு மாதிரி தெரிந்திருக்கலாம் அல்லவா? அதைச் சோதித்து விலக்கினார்கள். அண்டக் கதிர்கள் உண்டாக்கும் நியூட்ரான் யுரேனியத்தை உடைத்திருக்கலாம் அல்லவா? அதை விலக்க, கருவியைத் தூக்கிக்கொண்டு மாஸ்கோவில் உள்ள தினமோ மெட்ரோ நிலையத்துக்குப் போனார்கள். தலைக்கு மேலே அத்தனை மீட்டர் மண் இருந்தால் அண்டக் கதிர்களில் பெரும்பகுதி வடிந்துவிடும். அங்கேயும் எண்ணிக்கை குறையவில்லை. அப்படியானால் யுரேனியம் தானாகத்தான் உடைகிறது. 1940-இல் முடிவை வெளியிட்டார்கள், அமெரிக்காவின் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழிலும் ஒரு சிறு குறிப்பு வந்தது.

மேற்கிலிருந்து அதற்குப் பதிலே வரவில்லை. போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்த ஃப்ளெரோவ் நூலகத்தில் இதழ்களைப் புரட்டிப் பார்த்தார்: பிளவைப் பற்றி அமெரிக்க, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் யாருமே எதுவும் வெளியிடவில்லை. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்வதென்றால் ரகசியமாக அணுகுண்டு வேலை நடக்கிறது என்று ஊகித்து 1942-இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அவருடைய ஊகம் சரி.

உடையும் அந்தக் கணத்தில் என்னதான் நடக்கிறது?

அணுக்கரு நீள்கிறது, நடுவில் ஒரு கழுத்து உண்டாகிறது, கழுத்து அறுகிறது. அறுந்தவுடன் இரண்டு துண்டுகளும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று உதைத்துத் தள்ளுகின்றன. வெளியாகும் ஆற்றலில் பெரும்பகுதி இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது, கலிஃபோர்னியம்-252-இல் சுமார் 185 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். துண்டுகள் பிறக்கும்போது நசுங்கிய, சூடான நிலையில் இருக்கும், அதனால் உடனே நியூட்ரான்களை உதறுகின்றன, அப்புறம் காமா கதிர்களை. யுரேனியம்-238-இல் ஒரு பிளவுக்குச் சராசரியாக இரண்டு நியூட்ரான், கலிஃபோர்னியம்-252-இல் 3.76.

அதோடு முடிவதில்லை. துண்டுகளில் நியூட்ரான் இன்னும் அதிகமாகவே இருக்கும், எனவே பீட்டா சிதைவுகள் வரிசையாகத் தொடரும். சில வினாடிகளில் முடிவதும் உண்டு, சீசியம்-137 மாதிரி முப்பது ஆண்டு இழுப்பதும் உண்டு. சில நூறு பிளவுகளில் ஒரு தடவை, இரண்டு துண்டுகளுக்கு நடுவிலிருந்து மூன்றாவதாக ஓர் ஆல்ஃபா துகள் பக்கவாட்டில் பறக்கும்.

இரண்டாக உடைந்தால் சரிபாதியாகத்தானே உடைய வேண்டும்?

துளிக் கணக்கு மட்டும் உண்மையென்றால் சரிபாதிதான். ஆனால் கலிஃபோர்னியம்-252 உடையும்போது பெரும்பாலும் ஒரு துண்டின் நிறை எண் 143-ஐ ஒட்டியும் மற்றதன் நிறை எண் 108-ஐ ஒட்டியும் வருகிறது. யுரேனியம், புளூட்டோனியம் எதை எடுத்தாலும் கனமான துண்டு 140-ஐச் சுற்றியே நிற்கும், லேசான துண்டுதான் மாறும்.

காரணம் கூடுகள். எலக்ட்ரான்களுக்கு இருப்பது போல புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் கூடு அமைப்பு உண்டு, சில எண்ணிக்கைகளில் கூடு நிரம்பி அணுக்கரு கூடுதல் உறுதி பெறும். 50 புரோட்டானும் 82 நியூட்ரானும் உள்ள டின்-132 அப்படி இரண்டு பக்கமும் நிரம்பியது. அதையும், கொஞ்சம் நீண்ட வடிவத்தில் உறுதி பெறும் அதன் அண்டை அணுக்கருக்களையும் ஒட்டி ஒரு துண்டு உருவாகும்போது பாதை எளிதாகிறது.

இதற்கு ஃபெர்மியத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ஃபெர்மியம்-256-இன் அரை ஆயுட்காலம் சுமார் 2.6 மணி நேரம், பெரும்பாலும் தன்னிச்சைப் பிளவு. இரண்டே இரண்டு நியூட்ரான் சேர்த்து ஃபெர்மியம்-258 ஆக்கினால் 0.37 மில்லி வினாடி. இரண்டரைக் கோடி மடங்கு சரிவு! ஏனென்றால் 100 புரோட்டானும் 158 நியூட்ரானும் கொண்ட இது சரிபாதியாக உடைந்தால் இரண்டு துண்டுமே 50 புரோட்டான், 79 நியூட்ரான், அதாவது இரண்டுமே டின், இரண்டுமே 82-க்கு மிக அருகில். அப்படி ஒரு குறுக்கு வழி திறந்ததும் ஃபெர்மியம்-258 சரிபாதியாகவே பிளக்கிறது. துளிக் கணக்கில் இந்த இரண்டு ஃபெர்மியத்துக்கும் அதிக வித்தியாசமே இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

யுரேனியம்-235 தானே எளிதில் பிளப்பது? அது தானாகவும் அதிகம் பிளக்குமா?

இல்லை, நேர்மாறு. நியூட்ரான் பட்டால் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235, தானாகப் பிளப்பதில் 238-ஐவிடச் சுமார் ஆயிரம் மடங்கு மெதுவானது. புளூட்டோனியத்தில் இன்னும் துலக்கமாகத் தெரியும்: 240-க்குப் பிளவு அரை ஆயுட்காலம் சுமார் 11,400 கோடி ஆண்டுகள், 239-க்கு 8,000 லட்சம் கோடி ஆண்டுகள். ஒரே ஒரு நியூட்ரான் குறைந்ததற்கு எழுபதாயிரம் மடங்கு.

235-லும் 239-லும் நியூட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படை. ஒரு நியூட்ரானுக்கு ஜோடி இல்லை. அணுக்கரு வடிவம் மாறும்போது ஜோடி சேர்ந்தவை குறைந்த ஆற்றல் உள்ள நிலைக்குச் சேர்ந்தே தாவிக்கொள்ளும், தனித்து நிற்கும் நியூட்ரானால் தன் சுழற்சியையும் சமச்சீரையும் விட்டுக்கொடுத்து அப்படித் தாவ முடியாது. அதனால் அது பாதையிலுள்ள தடையை உயர்த்திவிடுகிறது. பாடப் புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்று நினைக்கிறேன், தன்னிச்சைப் பிளவில் இதைவிடப் பெரிய விளைவு கூடுகள் மட்டும்தான்.

அணுகுண்டு வரலாற்றில் இதற்குப் பங்கு உண்டா?

நேரடியான பங்கு. அமெரிக்காவின் ரகசிய அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸில் முதலில் திட்டமிட்ட புளூட்டோனியம் குண்டு துப்பாக்கி முறையிலானது: ஒரு துண்டைக் குழாயில் செலுத்தி இன்னொரு துண்டோடு சேர்ப்பது. எமிலியோ செக்ரேயின் குழு, மற்ற ஆய்வகங்களின் கதிர்வீச்சுத் தொல்லை இல்லாமல் இருக்க பஹாரிட்டோ பள்ளத்தாக்கில் ஒரு மரக் குடிலில் உட்கார்ந்து பிளவுகளை எண்ணிக்கொண்டிருந்தது. 1944 ஏப்ரலில் ஓக் ரிட்ஜ் அணு உலையில் செய்த புளூட்டோனியம் வந்தது. சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் செய்த பழைய மாதிரியைவிட அதில் பிளவு பல மடங்கு. உலையில் நியூட்ரான் வெள்ளத்தில் புளூட்டோனியம்-239 இன்னொரு நியூட்ரானை விழுங்கி 240 ஆகிவிடுகிறது, அந்த 240 ஒரு கிராமுக்கு வினாடிக்கு ஆயிரம் நியூட்ரான் கக்குகிறது. துப்பாக்கி முறையில் துண்டுகள் முழுதாகச் சேர்வதற்குள் வழிதவறிய ஒரு நியூட்ரான் தொடர்வினையைத் தொடங்கிவிடும், குண்டு அரைகுறையாகப் புஸ்ஸென்று போய்விடும். 1944 ஜூலையில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நாகசாகியில் விழுந்த குண்டு உள்வெடிப்பு முறைக்கு (சுற்றிலும் வெடிமருந்து வைத்து உள்நோக்கி நசுக்குவது) மாறியதற்கு இந்த எண்ணிக்கைதான் காரணம்.

இன்றைக்கு அதே புளூட்டோனியம்-240 கண்காணிப்புக்கு உதவுகிறது. பிளவில் நியூட்ரான்கள் ஒரே கணத்தில் கூட்டமாக வரும், மற்ற மூலங்களிலிருந்து தனித்தனியாக வரும். கூட்டமாக வருவதை மட்டும் எண்ணினால் மூடிய கலனுக்குள் எவ்வளவு புளூட்டோனியம் இருக்கிறது என்று திறக்காமலே கணிக்கலாம். சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

யுரேனியக் கட்டி தானாகப் பிளந்து பிளந்து வெடித்துவிடாதா?

இயற்கை யுரேனியக் கட்டி வெடிக்காது. தன்னிச்சைப் பிளவில் வரும் நியூட்ரான்களில் பெரும்பாலானவை வேறு பிளவை உண்டாக்காமலே உறிஞ்சப்படும் அல்லது வெளியேறிவிடும். தொடர்வினைக்கு 235 போதிய அளவு வேண்டும், வடிவமும் நிறையும் சரியாக அமைய வேண்டும்.

சூடாக்கினால், அழுத்தினால் வேகமாகப் பிளக்குமா?

பிளக்காது. உலையில் போட்டு எரித்தாலும் அணுக்கருவுக்கு அது எட்டாது. வேதிப் பிணைப்பின் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட், தடை அறுபது லட்சம் எலக்ட்ரான் வோல்ட்.

கலிஃபோர்னியம்-252 பற்றி நிறையப் பேசுகிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

கையில் எடுத்துப் போகக்கூடிய நியூட்ரான் ஊற்று அது. ஒரு மைக்ரோகிராமில் வினாடிக்குச் சுமார் 23 லட்சம் நியூட்ரான் வரும். அரை ஆயுட்காலம் 2.65 ஆண்டுகள், சிதைவுகளில் 3 சதவீதம் தன்னிச்சைப் பிளவு, மீதி ஆல்ஃபா. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜிலும் ரஷ்யாவின் திமித்ரோவ்கிராடிலும் தயாராகிறது. புதிய அணு உலையைத் தொடக்கும்போது முதல் நியூட்ரான்களைத் தர, எண்ணெய்க் கிணற்றில் பாறையைச் சோதிக்க, சிமென்ட் ஆலையில் பட்டையில் ஓடும் சுண்ணாம்புக்கல்லின் கலவையை அந்தந்த நிமிடமே அளக்க என்று வேலை நிறைய.

பாறையின் வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. அபடைட், சிர்கான் போன்ற கனிமங்களில் துளி யுரேனியம் கலந்திருக்கும். உள்ளே ஓர் அணு பிளக்கும்போது இரண்டு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து படிகத்தைக் கிழித்துக்கொண்டு போகும். அந்தத் தடம் அபடைட்டில் சுமார் 16 மைக்ரோமீட்டர் நீளம். அபடைட்டை மெருகேற்றி நைட்ரிக் அமிலத்தில் சில வினாடி முக்கினால், சேதமான கோடு மட்டும் சீக்கிரம் அரிக்கப்பட்டு சாதாரண நுண்ணோக்கியிலேயே மெல்லிய கீறலாகத் தெரியும். கீறல்களை எண்ணி, யுரேனியத்தின் அளவையும் தெரிந்துகொண்டால் வயது கிடைக்கும்.

அபடைட் சுமார் 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுங்காலம் இருந்தால் தடங்கள் ஆறிவிடும். எனவே கிடைப்பது பாறை பிறந்த வயதைவிட, அது ஆழத்திலிருந்து மேலே வந்து குளிர்ந்த காலம். மேலே இருந்த நிலம் எப்போது, எவ்வளவு அரிக்கப்பட்டது என்பதை இதை வைத்துச் சொல்லலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளிலும் இப்படி ஆய்வு நடந்திருக்கிறது.

விண்கற்களிலும் இதே கதைதான். புளூட்டோனியம்-244-இன் அரை ஆயுட்காலம் சுமார் 8 கோடி ஆண்டுகள், சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்தது இன்றைக்குத் தீர்ந்துவிட்டது. ஆனால் அது பிளந்து விட்டுப்போன செனான் விண்கல்லில் சிக்கியிருக்கிறது. ஆய்வகத்தில் புளூட்டோனியம்-244-ஐ வைத்து அதிலிருந்து வந்த செனானின் ஐசோடோப்பு விகிதத்தை 1971-இல் ஒப்பிட்டார்கள், பொருந்தியது.

தனிம அட்டவணையின் முடிவைத் தீர்மானிப்பது இதுதானா?

பெரும்பாலும் ஆமாம். துளிக் கணக்குப்படி 104 புரோட்டானைத் தாண்டும்போதே தடை ஏறக்குறைய மறைந்துவிடும், அதற்கு மேல் தனிமமே இருக்கக் கூடாது. 118 வரை வந்திருக்கிறோம் என்றால் முழுக்க முழுக்கக் கூடுகளின் தயவு. ஓகனெசான்-294 ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாக வாழ்ந்து ஆல்ஃபா கக்கி லிவர்மோரியம்-290 ஆகிறது, அது ஃப்ளெரோவியம்-286, அது சில சமயம் அங்கேயே பிளக்கும், இல்லாவிட்டால் கோப்பர்நிசியம்-282 ஆகி அங்கே பிளந்துவிடும். புதிய தனிமங்களின் சிதைவுச் சங்கிலி பெரும்பாலும் இப்படித்தான் ஒரு பிளவில் முடிகிறது. ஃப்ளெரோவியம் என்ற பெயர் மெட்ரோவுக்குக் கருவி தூக்கிய அதே ஃப்ளெரோவ் ரஷ்யாவின் துப்னாவில் தொடங்கிய ஆய்வகத்தின் பெயர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆல்ஃபா சிதைவு நடந்தால், சிதைந்து உருவாகும் மகள் அணுவை அடையாளம் கண்டு தாயை நிரூபிக்கலாம். உடனே பிளந்துவிட்டால் துண்டுகளை வைத்து தாய் யார் என்று சொல்வது மிகவும் கடினம். 104-ஆம் தனிமத்தைப் பிளவை வைத்துக் கண்டதாக 1964-இல் துப்னா சொன்னதும், அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் அதை ஏற்காததும், பெயர்ச் சண்டை 1997 வரை நீண்டதும் இதனால்தான்.

எந்த அணுக்கரு எவ்வளவு காலம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியாதா?

முயல்கிறார்கள், கஷ்டம். தடையின் உயரத்தில் ஒரே ஒரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் பிசகினால் ஆயுட்காலம் லட்சம் மடங்குக்கு மேல் தவறிவிடும். தடையும் ஒற்றை மேடாக இருப்பதில்லை. 1962-இல் துப்னாவில் பொலிகானோவ் குழு, அமெரிசியம்-242-இன் ஒரு வினோத நிலை 14 மில்லி வினாடியில் தானாகப் பிளப்பதைக் கண்டது, சாதாரண நிலையோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத வேகம். 1967-இல் ஸ்த்ருதின்ஸ்கி கூடுகளின் திருத்தத்தைத் துளிக் கணக்கோடு சேர்த்தபோது தடைக்கு இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம் என்று வந்தது. நீண்ட வடிவத்தில் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட அணுக்கருவுக்கு இரண்டாவது மேட்டை மட்டும் கடந்தால் போதும்.

உடைந்த துண்டுகள் ஏன் சுழல்கின்றன என்பதுகூட இன்றும் விவாதத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியம்-252 சுழற்சியே இல்லாத அணுக்கரு, ஆனால் அதன் துண்டுகள் நன்றாகவே சுழல்கின்றன. பிரான்சின் ஓர்சேயில் அளந்து 2021-இல் வெளியிட்ட முடிவு, இரண்டு துண்டுகளின் சுழற்சி அளவுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை என்றது, எனவே கழுத்து அறுந்த பிறகே சுழற்சி பிறக்கிறது என்று அந்தக் குழு வாதிடுகிறது. சுழற்சி அறுவதற்கு முன்பே உண்டாகியும் இப்படித் தொடர்பில்லாமல் தெரியலாம் என்று வேறு கோட்பாட்டாளர்கள் கணக்கோடு மறுக்கிறார்கள்.